மூச்சும் முழக்கமும்

இயந்திரத்தின் வலிமையைப் பேசுவோர் அது குடிக்கும் எண்ணெயைப் பற்றிப் பேசுவர். அது எழுப்பும் ஒலியைப் பற்றிப் பேசுவர். அது ஓடும் விரைவைப் பற்றி மெய்ம்மறந்து பேசுவர். அது இழுக்கும் மூச்சைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. காற்று கண்ணுக்குத் தெரிவதில்லை. காசு கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை. ஆகவே அதனை எண்ணிப் பார்க்கும் பழக்கம் மனிதருக்கு எளிதில் வருவதில்லை. ஆயினும், அமெரிக்க நாட்டில் ஒரு காலத்தில் தோன்றி, இன்றும் பலருடைய உள்ளத்தைக் கொள்ளை கொண்டிருக்கும் ‘மசில் கார்’ என்னும் ஆற்றல்மிகு கார்களின் வரலாற்றை நுணுகிப் பார்ப்பவர், அதில் பெரும்பகுதி காற்றின் வரலாறாகவே இருக்கக் காண்பர்.

‘மசில்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குத் தசை என்பது பொருள். நடுத்தரமான உடலுக்குள் மிகப் பெரிய இயந்திரத்தைத் திணித்து வைத்த கார் ஆதலின் அப்பெயர் பெற்றது. 1964ஆம் ஆண்டுக்குரிய காராகப் பொன்டியாக் பிரிவு வெளியிட்ட ஜி.டி.ஓ. என்பதே இவ்வகைக்கு வித்திட்டது என்பர். நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட இயந்திரம் பொருத்தலாகாது என்று அதன் தாய் நிறுவனமாகிய ஜெனரல் மோட்டார்ஸ் விதி வகுத்திருந்தது. பொன்டியாக் பொறியாளர்களோ 389 கன அங்குல இயந்திரத்தைத் தனிக் காராக அறிவிக்காமல், டெம்பெஸ்ட் லெமான்ஸ் என்னும் காரை வாங்குவோர் விரும்பினால் கேட்டுப் பெறும் கூடுதல் பொருளாக அறிவித்தனர். விதியை வகுத்தவர் ஒன்றை நினைக்க, படித்தவர் வேறொன்றை நினைப்பது பள்ளிக்கூடங்களில் மட்டும் நிகழ்வதன்று போலும்! முதல் ஆண்டிலேயே 32,450 கார்கள் விற்பனையாயின. பிற பிரிவுகளும், போர்டு, கிரைஸ்லர் நிறுவனங்களும் இந்தப் போட்டியில் குதித்தன. 1970களின் தொடக்கத்தில் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களும் காப்புறுதிக் கட்டண உயர்வும் 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்து அக்காலத்தை முடித்து வைத்தன.

அக்கார்களின் முன்மூடியைத் தூக்கிப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது இயந்திரத்தின் உச்சியில் அமர்ந்திருக்கும் வட்டமான தகரப் பேழைதான். தோசைக்கல்லைக் காட்டிலும் அகன்று, நடுவில் இரு காதுகள் கொண்ட ஒரு மரையால் இறுக்கப்பட்டு, பக்கவாட்டில் ஒரு மூக்கு நீண்டு, மூடிவைத்த பாத்திரம்போல் அது காட்சியளிக்கும். அதற்குள் வளையம் போன்ற காற்று வடிகட்டி இருக்கிறது. அதன் அடியில், காற்றையும் பெட்ரோலையும் கலந்து இயந்திரத்துக்கு ஊட்டும் கார்புரேட்டர் இருக்கிறது. இத்தகைய கார் ஒன்றை வாங்கியவர் முதலில் செய்யும் வேலை, பெரும்பாலும் அந்தப் பேழையைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, பக்கமெல்லாம் திறந்திருக்கும் பளபளப்பான வேறொரு வடிகட்டியைப் பொருத்துவதுதான். பொருத்தியவுடன் காரின் குரல் மாறுகிறது. விசையை அழுத்தினால் சிங்கம் உறுமுவது போன்ற முழக்கம் எழுகிறது. ஆற்றல் கூடிவிட்டது என்று உரிமையாளர் மகிழ்கிறார். கூடியது ஆற்றலா, குரலா என்பதே ஆராயத்தக்க வினா.

முதலில் இயந்திரத்தின் பசியை அளந்து பார்க்க வேண்டும். 389 கன அங்குலம் என்பது ஏறத்தாழ 6.4 லிட்டர். இயந்திரம் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் அதன் எட்டுச் சிலிண்டர்களும் ஒவ்வொரு முறை காற்றை நிரப்பிக்கொள்கின்றன. நிமிடத்துக்கு 5,000 சுற்று என்று கொண்டால் 2,500 மூச்சு. அதாவது 16,000 லிட்டர் காற்று. சிலிண்டர்கள் ஒவ்வொரு மூச்சிலும் முழுமையாக நிரம்புவதில்லை. நூற்றுக்கு 85 பங்கு நிரம்புவதாக வைத்துக்கொண்டாலும் 13,600 லிட்டர் ஆகிறது. 200 லிட்டர் கொள்ளும் எண்ணெய்ப் பீப்பாய்கள் 68-ஐ ஒரு நிமிடத்தில் உறிஞ்சுவதற்கு இது ஒப்பாகும். அமைதியாக அமர்ந்திருக்கும் மனிதர் ஒருவர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். எனவே, பள்ளித் திடலில் 2,000 மாணவர்களை வரிசையாக அமர்த்தினாலும் அவர்கள் அனைவரின் மூச்சும் அந்த ஓர் இயந்திரத்தின் மூச்சுக்கு ஈடாகாது.

ஒரு லிட்டர் பெட்ரோல் செம்மையாக எரிவதற்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றுவது எளிது. துளையைச் சற்றுப் பெரிதாக்கினால் போதும். அதற்குத் துணையான காற்றைக் கொண்டு சேர்ப்பதுதான் கடினம். குதிரைச் சக்தி என்று பெருமையாகப் பேசப்படுவதெல்லாம் முடிவில் எவ்வளவு காற்று உள்ளே போயிற்று என்பதைப் பொறுத்ததே. இதனாலேயே காற்றுப் பாதையில் குறுக்கே நிற்கும் வடிகட்டியின் மீது விரைவு விரும்பிகளுக்கு அத்தனை கோபம்!

ஆயின் அது ஏன் அங்கே நிற்கிறது? கரும்பலகையைத் துடைத்த துணியை வெயிலில் உதறிப் பார்த்த ஆசிரியருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. தூய்மையாகத் தோன்றும் காற்றில் எத்தனை துகள் மிதக்கின்றது என்பதை அந்த ஒளிக்கற்றை காட்டிக் கொடுத்துவிடும். சாலைத் தூசியில் மணற்சத்து மிகுதி. மணலின் நுண்துகள் இரும்பைக் காட்டிலும் கடினமானது. பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்களுக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையில் ஓடுவது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே. மனிதரின் தலைமயிர் ஏறத்தாழ 70 மைக்ரான் தடிப்புடையது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 10, 20 மைக்ரான் அளவுள்ள மணல் துகள் கண்ணுக்குத் தென்படாது. ஆனால் அந்தப் படலத்தைத் துளைத்துக்கொண்டு இருபுறமும் உரசி, உப்புத்தாள் தேய்ப்பதுபோல் தேய்த்துவிடும். வடிகட்டிகளைச் சோதிப்பதற்கென்றே அரிசோனா மாநிலத்துத் தூசியை அளவு பிரித்து, அளவுகோலாகவே பயன்படுத்தி வந்துள்ளனர். தூசிக்கும் ஒரு தரம் வகுத்தனர் என்பது வியப்பிற்குரியது.

முற்காலத்துக் கார்களில் எண்ணெய்க் கிண்ண வடிகட்டி இருந்தது. உள்ளே வரும் காற்று கிண்ணத்திலிருந்த எண்ணெயின் மீது திடீரெனத் திரும்பும். கனமான தூசி எண்ணெயில் விழுந்துவிடும். நுண்துகள்கள் தப்பிச் செல்வதை அது நன்கு தடுக்கவில்லை. 1950களில் மடிப்புத் தாள் வடிகட்டி பரவத் தொடங்கிற்று. சேலைக் கொசுவம்போல் நெருக்கமாக மடித்த தாளை வளையமாக்கி, மேலும் கீழும் ரப்பர் விளிம்பு வைத்து ஒட்டியிருப்பார்கள். மடிப்புகளை நீட்டிப் பரப்பினால் ஒரு மாணவனின் மேசையை மூடுமளவுக்கு விரியும். விலை மலிவானது, அழுக்கானால் எறிந்துவிடலாம். அதற்கு இன்னொரு விந்தையான குணமும் உண்டு. புதிய தாளைக் காட்டிலும் சிறிதளவு அழுக்கேறிய தாள் தூசியை நன்றாகப் பிடிக்கும். படிந்த தூசியே பின்வரும் தூசிக்குச் சல்லடையாகிவிடுகிறது. வாரந்தோறும் புதிய தாள் மாற்றுவோர் இயந்திரத்துக்கு நன்மை செய்வதாக எண்ணுவது சரியன்று.

இந்தத் தாள் எவ்வளவு ஆற்றலை விழுங்குகிறது? அறிவியல் அறையில் உள்ள ‘யு’ வடிவக் கண்ணாடிக் குழாயைக் கொண்டே இதனை அளக்கலாம். குழாயில் நீரை ஊற்றி, ஒரு முனையை வடிகட்டிக்கு உட்புறத்திலும் மறுமுனையை வெளிக்காற்றிலும் வைத்தால், இயந்திரம் இழுக்கும்போது நீர் ஒருபுறம் ஏறும். ஏற்றத்தின் உயரமே தடையின் அளவு. வளிமண்டலத்தின் முழு அழுத்தம் ஏறத்தாழ 407 அங்குல நீருக்குச் சமம். புதிய வடிகட்டி முழு இழுப்பில் 4 அங்குலத் தடையைத் தருவதாகக் கொண்டால், அது நூற்றுக்கு ஒரு பங்கு. 300 குதிரைச் சக்தி உடைய இயந்திரத்தில் 3 குதிரைகள்! வடிகட்டியை அறவே எடுத்தெறிந்தாலும் மீள்வது அவ்வளவே. அழுக்கு மண்டித் தடை 10 அங்குலமாக உயர்ந்தால் இழப்பு நூற்றுக்கு இரண்டரை ஆகிறது. அப்போது 7 குதிரைகள் போகின்றன. அப்பொழுது மாற்ற வேண்டியது தாளை மட்டுமே.

தாளுக்கு மாற்றாகப் பருத்தி வலை வடிகட்டி வந்தது. கலிபோர்னியா மாநிலத்து ரிவர்சைடு நகரில் 1969ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கே அண்ட் என் நிறுவனத்தின் பெயர் இவ்வகையோடு ஒன்றிவிட்டது. பல அடுக்குப் பருத்தி வலையைக் கம்பி வலைகளுக்கு இடையில் மடித்து வைத்து, எண்ணெய் தடவியிருப்பார்கள். இழைகளுக்கு இடையில் இடைவெளி பெரிது. காற்று எளிதாகப் போகும். எண்ணெய்ப் பசையே தூசியைப் பற்றிக்கொள்ளும். கழுவி உலர்த்தி மீண்டும் எண்ணெய் தடவிப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம். பொதுவாக நோக்கின், தாள் நுண்தூசியைக் கூடுதலாகப் பிடிக்கும். பருத்தி காற்றைக் கூடுதலாக விடும். இரண்டையும் ஒரே பொருளிடம் முழுமையாக எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். கழுவும் பொறுமை இல்லாதவருக்குப் பருத்தி ஏற்றதன்று. எண்ணெய் உலர்ந்துபோன பருத்தி வலை கொசுவலைக்குத்தான் ஒப்பாகும். நுரைப் பொருளால் ஆன வடிகட்டியும் உண்டு. அது மண் சாலைகளுக்கும் பந்தய மோட்டார் சைக்கிள்களுக்கும் உரியதாகப் பெயர் பெற்றது.

இவ்வாறு தாளையும் பருத்தியையும் பற்றி வாதிடுவோர் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது பேழையின் மூக்கைத்தான். 14 அங்குலக் குறுக்களவும் 3 அங்குல உயரமும் உள்ள வட்ட வடிகட்டியின் பக்கப் பரப்பு 132 சதுர அங்குலம். பேழையின் மூக்கு இரண்டரை அங்குல வாயுடையதாக இருந்தால் அதன் பரப்பு ஏறத்தாழ 5 சதுர அங்குலமே. பெரிய ஹாலி கார்புரேட்டர் ஒன்றின் நான்கு தொண்டைகளையும் கூட்டினால் ஏறத்தாழ 9 சதுர அங்குலம் வரும். பெரிய அறைக்குச் சிறிய வாசல் வைத்த கதைதான் இது! குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மெல்ல ஓடும் காருக்கு அம்மூக்குப் போதும். முழு ஆற்றலையும் கேட்கும்போது அது மூச்சை அடைக்கும். அதனாலேயே ஆற்றல்மிகு வகைகள் சிலவற்றுக்கு இரட்டை மூக்கு வைத்தனர்.

அக்கால இளைஞர்கள் செலவில்லாத வழி ஒன்றைக் கையாண்டனர். பேழையின் மூடியைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தனர். அவ்வாறு வைத்தால் மூடியின் விளிம்பு மேல்நோக்கி நிற்க, சுற்றிலும் இடைவெளி உண்டாகிக் காற்று தாராளமாக நுழையும். கூடவே முழக்கமும் எழும். பேழை என்பது வடிகட்டியின் உறை மட்டுமன்றி ஒலியை அடக்கும் கருவியும் ஆகும். அதன் வயிறும் மூக்கின் நீளமும் அந்நோக்கத்தோடு வகுக்கப்பட்டவை. மூடியைக் கவிழ்த்தவுடன் கார்புரேட்டரின் உறுமல் நேரே ஓட்டுநரின் செவிக்கு வந்து சேர்கிறது. செவிக்கு வரும் சேதியைக் கால் நம்பிவிடுகிறது. விரைவுமானியையோ கடிகாரத்தையோ எவரும் கேட்பதில்லை.

இங்கேதான் வெப்பம் குறுக்கிடுகிறது. திறந்த வடிகட்டி எங்கிருந்து காற்றை எடுக்கிறது? முன்மூடிக்கு அடியிலிருந்து எடுக்கிறது. அங்கே வெப்பத் தணிப்பானையும் புகைக் குழாய்களையும் தழுவி வந்த காற்றே நிறைந்திருக்கிறது. வெளியில் 30 பாகை வெப்பம் இருக்கும்போது உள்ளே 60 பாகை இருப்பதாகக் கொள்ளலாம். சூடான காற்று விரிந்து அடர்த்தி குறையும் என்பது தொடக்க வகுப்புப் பாடம். இக்கணக்கின்படி அடர்த்தி நூற்றுக்கு 9 பங்கு குறைகிறது. ஆற்றல் அதே அளவுக்குக் குறையாவிட்டாலும் ஏறத்தாழ அதில் பாதி குறைவதைத் தவிர்க்க இயலாது. 300 குதிரைகளில் 13 குதிரைகள்! வடிகட்டியின் தடையை நீக்கி 3 குதிரைகளைப் பெற்று, வெந்த காற்றை ஊட்டி 13 குதிரைகளை இழப்பதை எந்தக் கணக்காசிரியரும் இலாபம் என்று எழுத மாட்டார். பழைய பேழையின் மூக்கைக் காரின் முன்புறத்துக்கு ஒரு குழாயால் நீட்டிக் குளிர்ந்த காற்றை எடுக்கச் செய்தவர், பளபளப்பான வடிகட்டி வாங்கியவரைக் காட்டிலும் முன்னே செல்வது இதனால்தான்.

டெட்ராய்ட் வட்டாரப் பொறியாளர்கள் இதனை அறியாதவர் அல்லர். அவர்கள் கண்ட வழிகள் ஒவ்வொன்றும் சுவையானவை. 1965ஆம் ஆண்டில் ஜி.டி.ஓ. காருக்கு ஒரு தட்டும் நுரை விளிம்பும் கொண்ட பொருள்தொகுதி விற்பனைக்கு வந்தது. முன்மூடியின் மீது அதுவரை அழகுக்காக மட்டும் இருந்த காற்று வாயைத் திறந்துவிட்டு, அந்தத் தட்டின் வழியாகக் கார்புரேட்டர்களுக்கு வெளிக்காற்றை நேரே செலுத்தினர். 1967ஆம் ஆண்டு கமாரோ இசட்-28 காருக்கு, முன்கண்ணாடிக்கு அடியில் உள்ள காற்றறையிலிருந்து ஒரு குழாயைக் கொண்டுவந்து வடிகட்டிப் பேழையில் இணைக்கும் ஏற்பாட்டை விரும்பியவர் பெறலாம் என்றனர். ஓடும் காரின் முன்கண்ணாடியில் மோதும் காற்று அதன் அடிவாரத்தில் தேங்கி அழுத்தம் கூடியிருக்கும். காற்று வாயை முன்னோக்கி வைப்பதற்கு மாறாகப் பின்னோக்கி வைத்த அந்த அறிவை எவ்வளவு பாராட்டினாலும் தகும். 1970ஆம் ஆண்டுச் செவெல் எஸ்.எஸ். காரில் அதே இடத்தில் ஒரு சிறு கதவு இருந்தது; ஓட்டுநர் விசையை அழுத்தும்போது அது தானாகத் திறந்துகொள்ளும்.

போர்டு நிறுவனம் 1969ஆம் ஆண்டு மஸ்டாங் காரில் காற்று வாயை முன்மூடியில் பொருத்தாமல் வடிகட்டிப் பேழையின் மீதே பொருத்திற்று. முன்மூடியில் வெட்டிய துளை வழியே அது வெளியே தலைநீட்டி, இயந்திரம் குலுங்கும்போதெல்லாம் தானும் குலுங்கிற்று. அதற்கு ‘ஷேக்கர்’ என்றே பெயரிட்டனர். 1970ஆம் ஆண்டுப் பிளிமத் ரோடு ரன்னர் காரிலோ ஓட்டுநர் ஒரு விசையைத் தட்டினால் முன்மூடியிலிருந்து ஒரு பெட்டி எழும்; அதன் பக்கங்களில் சுறாமீனின் பற்களை வரைந்திருந்தனர். கிரைஸ்லர் பொறியாளர்களின் நகைச்சுவை உணர்வுக்கு அது சான்று.

இவ்வாய்கள் காற்றை வலிந்து திணிப்பதாக விளம்பரங்கள் முழங்கின. அதனையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 60 மைல் விரைவில் எதிர்க்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1.7 அங்குல நீர். 100 மைல் விரைவில் 4.8 அங்குலம். வளிமண்டலத்தின் 407 அங்குலத்தோடு ஒப்பிடுகையில் இது நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றேகால் மட்டுமே. ஆகவே அந்த வாய்களின் உண்மைப் பயன் குளிர்ந்த காற்றைக் கொடுத்ததே. விளம்பரம் எழுதியோர் சுறாவின் பல்லைப் பார்த்தனர். பொறியாளர்கள் வெப்பமானியைப் பார்த்தனர்.

பழைய பேழைக்கு வேறு கடமைகளும் இருந்தன. 1960களின் பிற்பகுதியில் வந்த பல பேழைகளின் மூக்கில் ஒரு தடுப்புக் கதவு உண்டு. குளிர் நாட்டுக் காலையில் இயந்திரம் சூடேறும்வரை புகைக் குழாயைச் சுற்றிய வெந்த காற்றை அது எடுத்துக்கொடுக்கும். கார்புரேட்டரின் தொண்டையில் பனி உறைவதைத் தடுக்கும். இயந்திரம் சூடேறியபின் வெளிக்காற்றுக்கு வழிவிடும். புகை குறைவதற்காக வைத்த இதனை ஆற்றலைக் கெடுக்கும் பொருள் என்று பலர் பிடுங்கி எறிந்தனர். கார்புரேட்டர் வழியே சில வேளை தீ பின்னோக்கிப் பாயும்போது அதனைத் தடுத்து நிறுத்துவதும் இப்பேழையே. வடிகட்டி இல்லாமல் ஓட்டிப் பார்ப்பவர் இதனைச் சற்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

கார்புரேட்டரின் பண்பையும் இங்கே குறிப்பிட வேண்டும். அதன் பெட்ரோல் கிண்ணத்திலிருந்து சிறு மூச்சுக் குழாய்கள் மேலெழுந்து, பெரும்பாலான வகைகளில் வடிகட்டியின் உட்புறத்தில் திறந்திருக்கும். தொண்டையில் உள்ள அழுத்தத்துக்கும் கிண்ணத்தில் உள்ள அழுத்தத்துக்கும் இடையேயுள்ள வேறுபாடே பெட்ரோலை இழுக்கிறது. இரண்டும் ஒரே பேழைக்குள் இருப்பதால், வடிகட்டி ஓரளவு அடைபட்டாலும் கலவை பெரிதும் கெடுவதில்லை. கிண்ணத்தின் மூச்சுக் குழாய் வெளியே திறந்திருந்தால் அடைபட்ட வடிகட்டி தொண்டையை மூடியதுபோல் ஆகி, பெட்ரோல் மிகுந்து கரும்புகை எழும். தாழ்ந்த முன்மூடிக்கு இடம் விடுவதற்காக உயரம் குறைந்த வடிகட்டியைப் பொருத்துவோர், மூடியை அந்த மூச்சுக் குழாய்களின் மீதே அழுத்திவிடுவதும் உண்டு. அப்பொழுது கலவை தடுமாறும்; காரோ விக்கும். உரிமையாளர் கார்புரேட்டரைக் குறை கூறித் திருகுகளைத் திருப்பிக்கொண்டிருப்பார். குற்றம் அரை அங்குல இடைவெளியில் இருக்கும்.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இப்பொருளில் தெளிவு தருகிறது. நான்கு பெட்ரோல் வாகனங்களில் அடைபட்ட வடிகட்டிகளைப் பொருத்திச் சோதித்தனர். மூன்று வாகனங்கள் 2003 முதல் 2007 வரை செய்யப்பட்டவை. ஒன்று 1972ஆம் ஆண்டுக்குரிய கார்புரேட்டர் வாகனம். புதிய வாகனங்களில் மின்னணுக் கருவிகள் கலவையைத் தாமே திருத்திக்கொள்வதால் எண்ணெய்ச் செலவில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. 1972ஆம் ஆண்டு வாகனத்தில் மட்டும் அளந்தறியத்தக்க பாதிப்பு இருந்தது. முடுக்கத்தில் குறைவோ நான்குக்கும் பொதுவாக இருந்தது. பழைய கார்களின் உரிமையாளர், புதிய கார்களுக்குக் கூறப்படும் அறிவுரையை அப்படியே ஏற்றுக்கொள்வது பொருந்தாது என்பது இதனால் விளங்குகிறது.

வடிகட்டியைப் பற்றிய தவறான எண்ணங்களுக்கெல்லாம் மூலகாரணம் ஒன்று உண்டு. 1971ஆம் ஆண்டு வரை அமெரிக்க நிறுவனங்கள் விளம்பரப்படுத்திய குதிரைச் சக்தி, இயந்திரத்தைக் காரிலிருந்து பிரித்துச் சோதனை மேடையில் வைத்து அளந்தது. அங்கே காற்று வடிகட்டி இல்லை, ஒலியடக்கி இல்லை, விசிறி முதலிய சுமைகளும் இயன்றவரை நீக்கப்பட்டிருந்தன. ஆடையும் செருப்பும் களைந்து எடை பார்ப்பது போன்றதே அந்த அளவு. 1972 முதல், காரில் இருப்பதுபோல் எல்லாவற்றையும் பொருத்தி அளந்த நிகர அளவே வெளியிடப்பட்டது. இடைப்பட்ட 1971ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டு அளவுகளையும் தந்தது. அவ்வாண்டுக் கமாரோ இசட்-28 காரின் இயந்திரத்துக்கு மேடை அளவு 330 குதிரைச் சக்தி; நிகர அளவு 275. இயந்திரம் ஒன்றே; குறைந்தது 55!

இந்த 55-ஐயும் வடிகட்டியே விழுங்கிற்று என்று எண்ணியோர் பலர். உண்மையில் அதில் பெரும்பங்கு புகைக் குழாய்க்கும் ஒலியடக்கிக்கும் விசிறி போன்ற சுமைகளுக்கும் உரியது. வடிகட்டியின் பங்கு சிறிது. ஆனால் வடிகட்டி ஒன்றுதான் கையால் கழற்றக்கூடியது. கருவி வேண்டாம், பட்டறை வேண்டாம், இரு காதுகள் கொண்ட மரையைத் திருகினால் போதும். எளிதில் அகப்படுபவன் மீது பழி போவது உலக வழக்கம் அன்றோ?

கால் மைல் பந்தயத்துக்கென்றே காரை வைத்திருப்போர் கணக்கு வேறு. அங்கே ஓட்டம் கால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த இயந்திரத்தை அடிக்கடி பிரித்துப் புதுப்பிப்பார்கள். ஒரு குதிரையும் அங்கே பொன்னாகும். அத்தகையோர் வடிகட்டி இல்லாமல் ஓடினால் அதைக் குறைகூற வேண்டியதில்லை. சாலையில் ஓடும் காரின் நிலை அதுவன்று. அரை நூற்றாண்டைக் கடந்துவிட்ட அக்கார்களின் மதிப்பு, பிறக்கும்போது பெற்ற அதே இயந்திரத்தை இன்றும் தாங்கியிருக்கிறதா என்பதைப் பெரிதும் பொறுத்தது. இரும்பில் பொறித்த எண் காரின் எண்ணோடு ஒத்திருக்க வேண்டும் என்று வாங்குவோர் குனிந்து விளக்கடித்துப் பார்க்கின்றனர். சிலிண்டர் தேய்ந்தால் அதனைக் கடைந்து, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் முப்பது பங்கு அகலமாக்கிப் பெரிய பிஸ்டனைப் போடுவர். அடுத்த முறை இன்னும் முப்பது. சுவர் மெலிந்தபின் கடைவதற்கு இரும்பு இராது. அந்த எண்ணைத் தாங்கிய வேறோர் இயந்திரத்தை எந்த ஆலையும் இனி வார்த்துத் தரப்போவதில்லை. மூன்று குதிரைகளுக்காகத் தூசியை உள்ளே விடுபவர் செலவழிப்பது இந்த இரும்பைத்தான்.

ஆகவே, சாலைக்காருக்கு வடிகட்டி தேர்வோர் முன்மூடி இடங்கொடுக்கும் அளவுக்கு அகலமும் உயரமும் உள்ளதைத் தேர்வது நன்று. 14 அங்குல வட்டத்தில் 2 அங்குல உயரத்துக்குப் பதிலாக 3 அங்குலம் வைத்தாலே பக்கப் பரப்பு ஒன்றரை மடங்காகிவிடும். பரப்பு பெருகினால் தாள் போதும். பருத்தியைத் தேட வேண்டிய தேவை குறையும். பரணில் போட்ட பழைய பேழையை இறக்கித் துடைத்து, மூக்குக்குக் குளிர்காற்றுக் குழாய் ஒன்றை இணைப்பது அதனினும் சிறந்தது. சிறு செலவில் பெரும் பயன் தருவது அதுவே.

பொருத்திய பின்னர்ச் சோதிப்பதும் எளிது. சில நூறு மைல் ஓட்டியபின் இயந்திரத்தை நிறுத்தி ஆறவிட்டு, மூடியைக் கழற்றி, வடிகட்டிக்கு உட்புறத்தில், கார்புரேட்டரின் வாய் விளிம்பைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் பழுப்பு நிறக் கோடு விழுந்தால், வடிகட்டி எவ்வளவு விலை உயர்ந்ததாயினும் எங்கோ ரப்பர் விளிம்பு சரியாகப் படியவில்லை; தூசி பக்கவாட்டில் நுழைகிறது. விளிம்பை ஒழுங்காக அமர்த்திவிட்டு, மரையை விரலின் வலுவுக்கு மட்டும் இறுக்கி, மறுவாரம் இன்னொரு முறை துடைத்துப் பார்க்கலாம்.